சாமுண்டராயர்: நின்ற திருக்கோலத்தை உலகறியச் செய்த பெருமகன்

ஈரோட்டிலிருந்து திருப்பூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில், ஊத்துக்குளிக்கு முன்னதாக விசயமங்கலம் என்னும் சிறிய நிலையம் ஒன்று வருகிறது. நூற்பாலைகளும் விசைத்தறிக் கூடங்களும் பனியன் நிறுவனங்களும் நிறைந்த இவ்வட்டாரத்தில் வேலைக்குச் செல்வோர் நாள்தோறும் அவ்வழியே போய்த் திரும்புகின்றனர். அவ்வூரில் எட்டாம் தீர்த்தங்கரராகிய சந்திரப்பிரபருக்கு எழுந்த பழமையான ஜினாலயம் இருப்பதையும், அதனை நெட்டைக் கோபுரம் என்று மக்கள் வழங்குவதையும் நம்மவருள் பலர் அறிவர். பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊர் என்ற பெருமையும் அதற்குண்டு. ஆனால் அவ்வாலயத்துத் தூண் ஒன்றில் ஒரு பெண்மணியின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதை அறிந்தோர் சிலரே. புள்ளப்பை என்பது அவர் பெயர். கங்க நாட்டின் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் விளங்கிய சாமுண்டராயரின் தங்கை அவர். அத்தூண் அவருடைய நிசீதிகை, அதாவது நோன்பிருந்து உடல் துறந்தமைக்கான நினைவுச் சின்னம்.

சிரவணபெளகொளாவில் பாகுபலி சுவாமியின் பேருருவைச் செய்வித்தவர் என்ற அளவில் சாமுண்டராயரை நாம் அனைவரும் அறிவோம். அவருடைய வரலாற்றை இங்கு மீண்டும் எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு. 2015ஆம் ஆண்டு முதல் ஜூன் 21ஆம் நாள் உலக யோகா நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் இல்லங்களிலும் பிள்ளைகள் மயூராசனம், விருச்சிகாசனம், நடராசாசனம் முதலிய கடினமான ஆசனங்களைப் பயின்று பள்ளிகளில் பரிசு பெற்று வருகின்றனர். கேட்க மகிழ்ச்சியாகவே உள்ளது. உடலுக்கு வலிமையும் சமநிலையும் நெகிழ்வும் வேண்டும் என்பதில் இரண்டு கருத்தில்லை. ஆயினும், அவ்வாறு பழக்கிய உடலைக் கொண்டு அடைய வேண்டியது யாது என்னும் வினா ஒன்று எஞ்சி நிற்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இப்படைத்தலைவரின் வாழ்வு அவ்வினாவுக்கு நல்ல விடையாக அமைந்திருக்கிறது.

போர்க்களத்தில் பெற்ற பெயர்கள்

சாமுண்டராயர் கி.பி. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர். பிரம்ம க்ஷத்திரிய குலத்தினர். அன்னையார் காளலாதேவி. கங்க மன்னன் இரண்டாம் மாரசிம்மனிடமும், அவனுக்குப் பின் நான்காம் இராசமல்லனிடமும் அமைச்சராகவும் சேனாபதியாகவும் இருந்தார். அக்காலத்தில் கங்கர்கள் இராஷ்டிரகூடப் பேரரசுக்கு உறுதுணையாக நின்றவர்கள். நாற்புறமும் பகை சூழ்ந்த காலம் அது. கி.பி. 973இல் இராஷ்டிரகூடரின் பேரரசு சாளுக்கியன் இரண்டாம் தைலபனிடம் வீழ்ந்தபோது, கங்க நாட்டின் பாதுகாப்புச் சுமை பெரும்பாலும் இவர் தோள்மீது விழுந்தது.

அவர் பெற்ற விருதுப் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு போரின் பெயராகவே உள்ளன. கேடகப் போரில் வஜ்ஜலதேவனை வென்றதனால் சமரதுரந்தரன் என்றும், கோனூர்க் களத்தில் நுளம்பரை முறியடித்ததனால் வீரமார்த்தாண்டன் என்றும், உச்சங்கிக் கோட்டைப் போரினால் இரணரங்கசிங்கன் என்றும், பாகெயூர்க் கோட்டையில் திரிபுவனவீரனை வீழ்த்தியதனால் வைரிகுலகாலதண்டன் என்றும் அவர் புகழப்பெற்றார். இவற்றுள் ஒரு பெயரை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். அவருடைய தம்பி நாகவர்மனை முதுராசய்யன் என்பவன் கொன்றான். சாமுண்டராயர் அவனைத் தேடிச் சென்று கொன்று பழி தீர்த்தார். அதனால் வந்த பெயர் சமரபரசுராமன். தம்பியின் பொருட்டு ஓர் உயிரைக் கொன்ற கை அவருடையது என்பதை மறவாமல் மேலே செல்வோம்.

அதே மனிதர் விளையாட்டுக்கும் பொய் உரையாதவர் என்பதனால் சத்திய யுதிஷ்டிரன் என்றும் அழைக்கப்பெற்றார். வில்லும் வாளும் ஏந்திய கையால் ஏடும் எழுதினார். அறுபத்துமூன்று சலாகா புருஷர்களின் வரலாற்றைக் கன்னட உரைநடையில் சாமுண்டராய புராணம் என்னும் பெயரால் கி.பி. 978இல் இயற்றினார். ஜினசேனர், குணபத்திரர் ஆகியோரின் மகாபுராணத்தைத் தழுவியது அந்நூல். நம் முன்னோர் இல்லங்களிலும் ஆலயங்களிலும் படித்து வந்த ஸ்ரீபுராணமும் அவ்வழியில் வந்ததேயாகும். இல்லறத்தார், துறவறத்தார் ஒழுக்கங்களைத் தொகுத்துரைக்கும் சாரித்திரசாரம் என்னும் வடமொழி நூலும் அவர் பெயரால் வழங்குகிறது. கன்னடப் பெருங்கவிஞர் இரன்னரை ஆதரித்தவரும் அவரே. அஜிதசேனரைக் குருவாகவும், நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தியை வழிகாட்டியாகவும் கொண்டிருந்தார். கோமடசாரம் என்னும் சித்தாந்த நூல், கோமடன் என்ற பெயரும் பெற்றிருந்த இவர் பொருட்டே நேமிசந்திரரால் அருளப்பெற்றது.

மன்னர்கள் காட்டிய வழி

போர் வீரர் ஒருவர் மனத்தில் தவக்கோலத்தின்மேல் இத்துணைப் பற்று ஏற்பட்டது எவ்வாறு என்று எண்ணும்போது, அவர் கண்முன் நிகழ்ந்தவை நினைவுக்கு வருகின்றன. அவர் பணிபுரிந்த மாரசிம்ம மன்னன் பல போர்களில் வென்றவன். நுளம்பர் குலத்தை அழித்தவன் என்று விருதுப் பெயர் பூண்டவன். அத்தகையோன் இறுதியில் அரசைத் துறந்து பங்காபுரம் சென்று, அஜிதசேனர் திருமுன்பு மூன்று நாள் நோன்பிருந்து சல்லேகனையால் உயிர் நீத்தான். வாழ்நாளெல்லாம் குதிரைமேல் இருந்த உடல், கடைசி மூன்று நாள்கள் அசைவின்றித் தன்னையே அடக்கி இருந்தது.

இராஷ்டிரகூட மரபின் கடைசி இளவரசனாகிய நான்காம் இந்திரன் மாரசிம்மனுடைய உறவினன். அவனை அரியணையில் ஏற்ற மாரசிம்மன் பெரிதும் முயன்றான், முயற்சி பலிக்கவில்லை. குதிரைமீது அமர்ந்து பந்தாடும் ஆட்டத்தில் இந்திரன் எத்துணைத் தேர்ச்சி பெற்றவன் என்பதைச் சிரவணபெளகொளாக் கல்வெட்டு விரித்துரைக்கிறது. ஓடும் குதிரையின்மேல் சமநிலை தவறாமல் அமர்ந்து, உடலை எப்பக்கமும் வளைத்துப் பந்தை அடிக்க வேண்டுமாயின் எத்துணை வலிமையும் நெகிழ்வும் வேண்டும்! அவ்விளவரசனும் கி.பி. 982இல் அதே சிரவணபெளகொளாவில் நோன்பிருந்து உடல் துறந்தான். கோமடேசுவரரின் திருவுருவம் உருப்பெற்ற காலமும் அதுவே.

உடலின் திறமெல்லாம் எங்குச் சென்று முடிகிறது, அதனை எவ்வாறு முடித்தல் தகும் என்பதை அன்றைய கங்க நாடு தன் அரசர்களிடமே கண்டது. சாமுண்டராயரும் அதனைக் கண்டவர்.

அன்னையின் நோன்பும் தொடுத்த அம்பும்

சிலை எழுந்த வரலாற்றை மரபு இவ்வாறு கூறுகிறது. பரதச் சக்கரவர்த்தி தம் தம்பி பாகுபலிக்குப் போதனபுரத்தில் 525 வில் உயரத்தில் பொன்னுருவம் எடுத்தார் என்று காளலாதேவியார் கேள்வியுற்றார். அதனைக் கண்டு வணங்கும்வரை பால் அருந்துவதில்லை என்று விரதம் பூண்டார். மகனும் அன்னையை அழைத்துக்கொண்டு, நேமிசந்திரருடன் புறப்பட்டார். வழியில் சந்திரகிரியில் தங்கிய இரவில், கூஷ்மாண்டினி யட்சி கனவில் தோன்றினாள். நாம் தருமதேவி என்று போற்றி வணங்குபவள் இவளே. போதனபுரத்து உருவம் புதர்களாலும் பாம்புகளாலும் சூழப்பட்டு எவரும் அணுக முடியாதபடி ஆகிவிட்டதென்றும், விடியலில் இம்மலையிலிருந்து எதிர்மலையை நோக்கி அம்பு தொடுத்தால் அங்கேயே இறைவன் தோன்றுவான் என்றும் அவள் உணர்த்தினாள். அவ்வாறே செய்ய, அம்பு தைத்த பாறையில் திருவுருவத்தின் சாயல் தென்பட்டது. அவ்வளவில் சிற்பிகள் தம் பணியைத் தொடங்கினர்.

எத்தனையோ களங்களில் எத்தனையோ அம்புகளைத் தொடுத்தவர் அவர். அவர் தொடுத்தவற்றுள் மக்கள் நினைவில் இன்றும் நிற்பது எவ்வுயிரையும் வருத்தாத அந்த ஓர் அம்பே.

விந்தியகிரி என்னும் அக்குன்றின் உச்சியில், இருந்த இடத்திலேயே கருங்கல்லைக் குடைந்து செதுக்கிய திருமேனி சுமார் 57 அடி உயரம் உடையது. கி.பி. 981இல் நிறுவப்பெற்றது என்று கொண்டு, 1981இல் ஆயிரமாண்டு விழாவும் மகாமஸ்தகாபிஷேகமும் நடைபெற்றன. பின்னர் 1993, 2006, 2018 ஆகிய ஆண்டுகளிலும் அபிஷேகம் நிகழ்ந்தது. திருவடியின் இருபுறமும் சாமுண்டராயர் செய்வித்தார் என்னும் செய்தி கன்னடத்திலும் மராத்தியிலும் மட்டுமன்றி, கிரந்த எழுத்தும் வட்டெழுத்தும் கலந்து நம் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழ்ச் சமணரும் அங்கு வந்து வணங்குவர் என்று அப்பெருமகன் எண்ணியிருக்கிறார் என்பதே நமக்குப் பெருமிதம் தருவதாகும்.

கல்லிலே சமநிலை காண்பது எளிதன்று. இவ்வளவு உயரமான உருவம் தொடைக்கு மேல் முதுகுப்புறத்தில் எவ்விதத் தாங்குதலும் இன்றித் தனித்து நிற்கிறது. தொடை வரையில் புற்றுகளும், அவற்றினின்று தலைநீட்டும் பாம்புகளும், கால்களிலும் தோள்களிலும் படரும் குருக்கத்திக் கொடியும் செதுக்கப்பட்டுள்ளன. ஓராண்டு அசையாமல் நின்ற தவத்துக்கு அடையாளமாகிய புற்றுகளே சிலையின் பாரத்தைத் தாங்கும் அடிப்பாறையாகவும் அமைந்திருப்பதைக் காணும்போது, சிற்பியின் அறிவு நம்மை வியக்க வைக்கிறது.

வென்றவன் கை தாழ்ந்தது

சாமுண்டராயர் தம் புராணத்தில் எழுதியதும், நாம் ஸ்ரீபுராணத்தில் கேட்டதுமாகிய பாகுபலியின் வரலாறு உடல் வலிமையின் வரலாறாகவே தொடங்குகிறது. ஆதிபகவனின் மைந்தர் இருவரும் படைகள் அழியாதிருக்கத் தாமே பொருதனர். இமைக்காது நோக்கும் திருஷ்டி யுத்தம், நீரை வாரி இறைக்கும் ஜல யுத்தம், மல்யுத்தம் என மூன்று போட்டிகள். மூன்றிலும் பாகுபலியே வென்றான். மல்யுத்தத்தில் அண்ணனைத் தலைக்கு மேல் தூக்கினான். ஆனால் தரையில் மோதாமல் தோளில் தாங்கி இறக்கினான். சினம் மேலிட்ட பரதன் சக்கரத்தை ஏவ, அதுவும் தம்பியை வலம் வந்து வாளாநின்றது. அந்நொடியில் பாகுபலிக்கு அரசும் வெற்றியும் வெறுத்தன. துறவு பூண்டு, ஓராண்டு காயோத்சர்க்க நிலையில் நின்றான்.

தம்பிக்காகப் பழி தீர்த்த ஒருவர், அண்ணனைக் கொல்ல வல்லவனாக இருந்தும் கொல்லாது விட்ட ஒருவனுடைய உருவத்தைத் தம் வாழ்நாளின் பெரும்பணியாகச் செய்து முடித்தார் என்பதில் ஆழ்ந்த பொருள் இருப்பதாக நாம் கருதுகிறோம். சமரபரசுராமன் என்ற பெயரின் சுமையை அவர் உணர்ந்தாரா என்பதை எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. அவர் எடுப்பித்த உருவத்தின் கைகளோ ஆயுதம் ஏதுமின்றித் தாழ்ந்து தொங்குகின்றன.

பாகுபலியின் தவத்திலும் ஒரு தடை இருந்தது. தன்னால் அண்ணன் துன்புற்றான் என்னும் நுண்ணிய நினைவு ஒன்று உள்ளத்தில் ஒட்டியிருந்தது என்றும், பரதன் வந்து வணங்கியபோது அது நீங்கிக் கேவலஞானம் தோன்றியது என்றும் ஆதிபுராணம் கூறும். கொடி படர்ந்தும் புற்று வளர்ந்தும் அசையாத உடலில், கடுகளவு எண்ணம் அசைந்து கொண்டிருந்தது. உடலின் சாதனை முழுமை பெற்றும் உள்ளத்தின் சாதனை காத்திருந்தது.

காயோத்சர்க்கத்தின் இலக்கணம்

காயம் என்றால் உடல். உத்சர்க்கம் என்றால் விடுதல். உடலின்மேல் எனது என்னும் பற்றை விட்டு நிற்றலே காயோத்சர்க்கம். முனிவர்களின் ஆறு ஆவசியகங்களுள் இதுவும் ஒன்று. நம் ஆலயங்களில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அமர்ந்த கோலம், நின்ற கோலம் என்னும் இரண்டிலேயே அமைவதை யாவரும் அறிவர். ரிஷபர், வாசுபூஜ்யர், நேமிநாதர் ஆகிய மூவர் பரியங்காசனத்திலிருந்தும், ஏனைய இருபத்தொருவர் காயோத்சர்க்கத்திலிருந்தும் முக்தியடைந்தனர் என்பது திகம்பர மரபு.

சுபசந்திரரின் ஞானார்ணவம் பரியங்கம், அர்த்த பரியங்கம், வஜ்ரம், வீரம், சுகம், கமலம், காயோத்சர்க்கம் ஆகிய ஆசனங்களைக் கூறுகிறது. 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் தம் யோகசாஸ்திரத்தில் தண்டாசனம், உத்கடிகாசனம், கோதோஹிகாசனம் முதலியவற்றையும் சேர்த்துரைத்தார். கோதோஹிகை என்பது பசுவிடம் பால் கறப்பவர் குதிகாலை உயர்த்திக் குந்தி இருப்பது போன்ற நிலை. முழங்கால், கணுக்கால், விரல்கள் ஆகியவற்றின் நெகிழ்வையும் சமநிலையையும் ஒருங்கே சோதிக்கும் அருமையான ஆசனம் அது. வர்த்தமான மகாவீரர் அந்நிலையில் இருந்தபோதே கேவலஞானம் பெற்றார் என்பது சுவேதாம்பரர் கொள்கை. இவ்வாறு பல ஆசனங்களை உரைத்த ஆசிரியர்கள், எந்நிலையில் மனம் அசையாதோ அந்நிலையே தியானத்துக்கு உரியது என்றும் முடிவு கூறினர்.

வட்டகேரர் அருளிய மூலாசாரம் காயோத்சர்க்கத்தை மிக நுட்பமாக விளக்குகிறது. இரு பாதங்களுக்கும் இடையே நான்கு அங்குலம் இடைவெளி விட்டு, கைகளைத் தொங்கவிட்டு, எவ்வுறுப்பும் அசையாமல் நிற்க வேண்டும். இங்கு அங்குலம் என்பது விரற்கடை அளவாகும். நிற்கும் காலம் குறைந்தது அந்தர்முகூர்த்தம், மிகுதியாக ஓராண்டு. பாகுபலி நின்றது அந்த மேல் எல்லை. நாள்தோறும் பகற்குற்றத்துக்குச் செய்யும் பிரதிக்கிரமணத்தில் 108 மூச்சு, இரவுக்குற்றத்துக்கு 54, பட்சத்துக்கு 300, நான்கு மாதத்துக்கு 400, ஆண்டுக்கு 500 என்று காயோத்சர்க்கத்தின் அளவு மூச்சினால் குறிக்கப்படுகிறது.

நிற்பதில் நேரும் குற்றங்கள் முப்பத்திரண்டு. அவற்றுட் சிலவற்றைக் கேட்டால், ஆசனம் பயிற்றும் ஆசிரியர் அருகில் நின்று திருத்துவது போலவே தோன்றும். குதிரையைப் போல ஒரு காலைத் தளர்த்தி நிற்றல்; காற்றில் ஆடும் கொடியைப் போல அசைதல்; தூணிலோ சுவரிலோ சாய்தல்; நுகம் பூண்ட எருதைப் போலக் கழுத்தை நீட்டுதல்; காக்கையைப் போலக் கடைக்கண்ணால் பார்த்தல்; விளாம்பழத்தைப் பற்றியது போலக் கையை மூடுதல்; தலையை அசைத்தல்; விரலால் எண்ணுதல்; புருவத்தை நெரித்தல்; கள்ளுண்டவன் போலத் தள்ளாடுதல். இவை யாவும் குற்றம். கடினமான ஆசனங்களுக்கு நடுவே இதனை எளிது என்று எண்ணுவோர் ஒருமுறை நின்று பார்த்தல் நலம். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. அசையாமல் நிற்கும்போது அவ்வுதவி குறைந்து இரத்தம் கால்களில் தேங்கத் தொடங்குகிறது. பழக்கமில்லாதவருக்கு மயக்கமும் வரும். பயிற்சியைச் சிறிது சிறிதாக மிகுதிப்படுத்த வேண்டும் என்பதற்கும், இயலாதவர் அமர்ந்தே செய்யலாம் என்று ஆசாரியர்கள் இடமளித்ததற்கும் உள்ள பொருத்தம் இதனால் விளங்கும்.

இதனினும் மேலான ஒரு பாகுபாட்டை மூலாசாரம் தருகிறது. உடலும் நின்று, உள்ளமும் தரும தியானத்தில் எழுந்து நிற்பது முதல் வகை. உடல் நின்றும் உள்ளம் துயரிலும் சினத்திலும் ஆழ்ந்து உட்கார்ந்திருப்பது இரண்டாம் வகை. உடல் அமர்ந்திருந்தும் உள்ளம் எழுந்து நிற்பது மூன்றாம் வகை. இரண்டுமே உட்கார்ந்திருப்பது நான்காம் வகை. நோயினால் கட்டிலோடு கிடக்கும் முதியவரும் மூன்றாம் வகையால் உயர்ந்து நிற்கக்கூடும். கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்க வல்ல இளைஞரும் இரண்டாம் வகையில் தங்கிவிடக்கூடும். ஆசனத்தின் தேர்ச்சியை அளப்பதற்கு நம் ஆசாரியர்கள் வைத்த அளவுகோல் இதுவே.

கிண்ணத்துப் பாலும் தூண் எழுத்தும்

சாமுண்டராயரும் இவ்வளவுகோலினின்று தப்பவில்லை என்பதை மக்கள் வழங்கும் கதை காட்டுகிறது. முதல் அபிஷேகத்தில் அவர் குடம் குடமாகப் பால் சொரிந்தும், அது திருமேனியின் கீழ்ப்பகுதிக்கு இறங்கவில்லையாம். இத்தகைய உருவத்தை நான் எடுத்தேன் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்திருந்தது. அப்போது ஏழைக் கிழவி ஒருத்தி சிறு காயின் ஓட்டில் கொண்டுவந்த பாலை ஊற்ற, அது தலை முதல் திருவடி வரை நனைத்து மலையிலும் வழிந்தோடியது. செருக்கு நீங்கிய சாமுண்டராயர், கிழவியாய் வந்தவள் அந்த யட்சியே என உணர்ந்தார். குல்லகாயஜ்ஜி என்னும் பெயரோடு அக்கிழவியின் உருவம் இன்றும் பாகுபலிக்கு எதிரே நிற்கிறது. பெருஞ்செல்வம் செலவிட்டவரின் பெருமிதத்தை நினைவூட்டும் உருவத்தையும் அக்குன்று போற்றி வைத்திருப்பது நம் சமயத்தின் நேர்மைக்குச் சான்றாகும்.

மற்றொரு செய்தி கதையன்று, கல்லில் காண்பது. விந்தியகிரியில் சாமுண்டராயர் நாட்டிய தியாகத கம்பம் என்னும் அழகிய தூணில் அவருடைய போர்ச் செயல்கள் பொறிக்கப்பட்டிருந்தன. சுமார் கி.பி. 1200இல் ஹெர்கடே கண்ணன் என்பவன் அதன் மூன்று பக்கங்களில் இருந்த எழுத்துகளைத் தேய்த்துவிட்டுத் தன் சிறு கல்வெட்டைப் பொறித்தான். எஞ்சிய ஒரு பக்கமே இன்று நமக்குக் கிடைக்கிறது. போர்ப் புகழைத் தாங்கிய எழுத்துகளில் பெரும்பகுதி சுமார் இருநூறு ஆண்டுகளில் அழிந்தது. அவர் எடுப்பித்த நின்ற திருக்கோலமோ அழியவில்லை. அதனை முன்மாதிரியாகக் கொண்டு கார்க்களத்தில் 1432இலும், வேணூரில் 1604இலும் பெரிய திருவுருவங்கள் எழுந்தன. சாமுண்டராயருக்கு முன்னரே நம் தமிழகத்துக் கழுகுமலைப் பாறையில் கொடி சுற்றிய பாகுபலியின் உருவம் செதுக்கப்பட்டிருந்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. இக்கோலத்தை நாம் முன்பே அறிந்திருந்தோம். உலகறியச் செய்தவர் அவர்.

அவருடைய மைந்தர் ஜினதேவனும் சந்திரகிரியில் திருப்பணி செய்தார். தங்கை புள்ளப்பையோ கொங்கு நாட்டு விசயமங்கலத்தில் நிசீதிகையாக நிலைத்தார். தமையன் மலையளவு உருவத்தால் நினைக்கப்படுகிறார். தங்கை ஒரு தூணின் சில எழுத்துகளால் நினைக்கப்படுகிறார். நூலில் எழுதியதையும் கல்லில் வடித்ததையும் தன் உடலால் செய்து முடித்தவர் அத்தங்கையே என்று சொல்லத் தோன்றுகிறது. காயத்தை விடுதல் என்னும் சொல்லின் முழுப்பொருள் அத்தூணில் உள்ளது. சல்லேகனை யாவரும் எண்ணியவுடன் மேற்கொள்ளத்தக்கது அன்று. வாழ்நாள் முழுதும் விரதங்களில் பழகியவர், இறுதி அணுகிய காலத்தில் குருவின் அனுமதியோடு ஏற்பது அது. ஆனால் அதற்கு அடிப்படையாகிய பற்றறுத்தலின் முதற்பாடம், சிறுவரும் செய்யக்கூடிய காயோத்சர்க்கத்திலேயே தொடங்குகிறது.

நாம் செய்யத்தக்கது

தொழிலின் பொருட்டுத் திருப்பூர், ஈரோடு, கோவைப் பகுதிகளில் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்கு ஒன்று கூற விரும்புகிறோம். தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவருக்கு முதுகும் கழுத்தும் வலிக்கின்றன. துணி வெட்டும் மேசையருகிலும் இஸ்திரி மேசையருகிலும் நாள் முழுதும் நிற்பவருக்குக் கால் வீங்குகிறது. அவர்களுக்கு ஆசனப் பயிற்சி நன்மை தரும். தக்க ஆசிரியரிடம் கற்றுச் செய்க. பிள்ளைகளும் கடினமான ஆசனங்களைப் பயிலட்டும், பரிசும் பெறட்டும். அப்பயிற்சியின் முடிவில் ஒன்பது முறை பஞ்சநமஸ்கார மந்திரத்தை, ஒரு மந்திரத்துக்கு மூன்று மூச்சாக, 27 மூச்சளவில் மனத்துக்குள் சொல்லி, நான்கு விரற்கடை இடைவெளியில் பாதங்களை வைத்துக் கைகளைத் தொங்கவிட்டு நிற்கச் செய்யுங்கள். இரண்டு மூன்று நிமிடங்களே ஆகும். எவரும் பார்த்துக் கைதட்டப் போவதில்லை, பரிசும் இல்லை. அந்நேரத்தில் உள்ளம் நிற்கிறதா, உட்கார்ந்திருக்கிறதா என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும்.

வாய்ப்புள்ளவர்கள் விடுமுறை நாளொன்றில் விசயமங்கலம் சென்று சந்திரப்பிரபரை வணங்கி, புள்ளப்பையின் தூணையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். சிரவணபெளகொளாவுக்குச் செல்ல எல்லோருக்கும் எல்லா ஆண்டும் இயலாது. சாமுண்டராயரின் இல்லத்துப் பெண்மணி ஒருவர் நம் அருகிலேயே, கொங்கு மண்ணிலேயே நினைவு கொண்டிருக்கிறார். அத்தூணின் முன் 27 மூச்சு நேரம் அசையாமல் நின்று வணங்குதலே அவருக்கும் அவர் தமையனாருக்கும் நாம் செய்யக்கூடிய தகுந்த வழிபாடாகும்.